லூபஸ் இருக்கிறது, குடும்ப வைத்தியர் இல்லை: ஸ்காபரோவில் யாருக்காவது வழி தெரியுமா?

எனக்கு 41 வயது. லூபஸ் (உடம்பின் நோய் எதிர்ப்புச் சக்தி உடம்பையே தாக்கும் வருத்தம்) வந்து ஒன்பது வருசம், அது சிறுநீரகத்தையும் பிடித்துவிட்டது. முதல் நாளிலிருந்து என்னைப் பார்த்துவந்த குடும்ப வைத்தியர் போன மார்ச்சில் ஓய்வுபெற்றுவிட்டார். குடும்ப வைத்தியர் தேடித்தரும் ஒன்ராறியோ அரசின் ஹெல்த் கெயர் கனெக்ட் சேவையில் பதிந்து எட்டு மாதமாகிறது, ஒரு அழைப்பும் இல்லை.

"புதிய ஆக்களை எடுக்கிறோம்" என்று பலகை போட்டிருந்த ஒரு கிளினிக்குக்குத் தங்கச்சியோடு போனேன். இருவரும் படிவம் நிரப்பிக் கொடுத்தோம். ஒரு வருத்தமும் இல்லாத அவளுக்கு அடுத்த கிழமையே நேரம் கொடுத்தார்கள். என் மருந்துப் பட்டியலைப் பார்த்துவிட்டு, "உங்களுடையது சிக்கலான கேஸ், எங்களுக்குச் சரிவராது" என்றார்கள். காருக்குள் வந்து அழுதுவிட்டேன்.

முன்பதிவில்லாமல் போகும் வோக்-இன் கிளினிக்கில் ஒரு வருகைக்கு ஒரு பிரச்சினைதான் சொல்லலாமாம். மூட்டு நோவு, கால் வீக்கம், சிறுநீரில் நுரை எல்லாம் எனக்கு ஒரே வருத்தம்தானே, எதை விடுவது? போன மாதம் அங்கே ஒருவர் முழங்கால் நோவுக்கு இபுபுரோஃபன் எழுதித் தந்தார். சிறுநீரகப் பாதிப்பு இருப்பவர் அதை எடுக்கக்கூடாது என்று மருந்துக்கடையில்தான் தடுத்தார்கள். மருந்துக்கடைப் பிள்ளை கவனிக்காமல் விட்டிருந்தால்?

இப்போது அவசரம் என்னவென்றால், மூட்டுவாத நிபுணரிடம் தொடர்ந்து போகப் புதிய பரிந்துரைக் கடிதம் வேண்டும். அதை யாரிடம் கேட்பது?

பதில் 1
தங்கச்சி, வோக்-இன் வைத்தியரும் அந்தக் கடிதத்தை எழுதலாம். அன்றைக்கு அதை மட்டுமே உங்கள் "ஒரு பிரச்சினை" என்று சொல்லுங்கள். நிபுணரின் கடைசி அறிக்கையைக் கையில் கொண்டுபோங்கள், எனக்கு அப்படித்தான் நடந்தது. லூபஸுக்குக் கொடுக்கும் ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் எடுக்கிறீர்களா? அது கண்ணைப் பாதிக்கலாம். எடுக்கத் தொடங்கி ஐந்து வருசத்துக்குப் பிறகு, சிறுநீரகப் பாதிப்பு இருந்தால் அதற்கும் முன்பிருந்தே, வருசா வருசம் கண் விழித்திரையைப் பார்க்கவேண்டும். குடும்ப வைத்தியர் இல்லாதபோது இதை நினைவூட்ட ஆளிருக்காது. கண் பரிசோதகரிடம் நீங்களே நேரே பதியலாம்.

பதில் 2
அக்கா, அந்தக் கிளினிக் செய்தது பிழை. புதிய நோயாளிகளை எடுக்கும்போது முதலில் வந்தவருக்கே முதல் இடம், வருத்தம் சிக்கலானது என்று ஆளைக் கழிக்கக்கூடாது என்பது வைத்தியர்களை ஒழுங்குபடுத்தும் அமைப்பான ஒன்ராறியோ வைத்தியர் கல்லூரியின் விதி. அங்கே முறையிடலாம். அதற்கு முன் 811 என்ற சுகாதாரத் தகவல் இலக்கத்துக்கு அழைத்து, ஹெல்த் கெயர் கனெக்ட் பதிவில் உங்கள் வருத்தங்கள் எல்லாம் இருக்கின்றனவா என்று பாருங்கள், கூடத் தேவை உள்ளவர்களுக்கு அங்கே முன்னுரிமை உண்டு. உங்கள் பகுதிச் சமூக சுகாதார நிலையத்திலும் கேளுங்கள். அம்மாவை அங்கே ஒரு நர்ஸ் பிராக்டிஷனர்தான் (நோயைக் கண்டறிந்து மருந்தும் எழுதக்கூடிய தாதி) பார்க்கிறார், நல்ல கவனம்.

கேட்டவர்
இருவருக்கும் நன்றி. 811க்கு அழைத்தேன். பதியும்போது லூபஸ் என்று மட்டும் போட்டிருக்கிறேன், சிறுநீரகத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. இன்றைக்குச் சேர்த்துவிட்டார்கள். கண் பரிசோதனை கடைசியாக எப்போது செய்தேன் என்று தேடினால் இரண்டு வருசம் தாண்டிவிட்டது, அதற்கும் பதிந்தாயிற்று. புதன்கிழமை அறிக்கையோடு வோக்-இன்னுக்குப் போகிறேன்.