99 இல் நிற்கும் பட்டை: யாருக்குக் காது குத்துகிறீர்கள்?

கடலோரத்தான்:
கோப்பு அனுப்பும்போது எத்தனை சதவீதம் போனது என்று காட்டும் பட்டையைப் பற்றிக் கடந்த கிழமை மருதானை மின்னல் இங்கே எழுதியதை அப்படியே தருகிறேன்: "பின்னணியில் கோப்பு போய்க்கொண்டிருக்கும்போது சதவீதம் காட்டாத செயலி, பயனரை மதிக்காத செயலி. 99 இல் சற்று நின்றால்தான் என்ன, ஆள் பொறுத்திருப்பார்." இதற்குக் கைதட்டியவர்களும் இருக்கிறார்கள்.

அந்த 99 எங்கிருந்து வருகிறது என்று கைதட்டியவர்களில் ஒருவராவது கேட்டாரா? நமது நிரல் எண்ணுவது சேர்வருக்குப் போய்ச் சேர்ந்த பைட்டுகளை அல்ல. இயங்குதளத்தின் அனுப்பு பஃபரில், அதாவது வெளியே போகும்வரை தரவு காத்திருக்கும் இடத்தில், தள்ளிவிட்ட பைட்டுகளை. தள்ளியவுடன் "அனுப்பிவிட்டேன்" என்று கணக்கு எழுதிவிடுகிறது. சின்னப் படமென்றால் அது முழுவதும் பஃபருக்குள்ளேயே அடங்கிவிடும். படம் இன்னும் வெள்ளவத்தையை விட்டே கிளம்பவில்லை, பட்டை 99 என்கிறது. அதற்குப் பிறகுதான் சேர்வர் அதை வைரஸ் சோதனைக்குக் கொடுக்க வேண்டும், சேமிக்க வேண்டும், தரவுத்தளத்தில் பதிய வேண்டும். இவற்றில் எதுவும் உமது நூறுக்குள் இல்லை. 99 என்பது பொய். பொய்யைத் திரையில் எழுதிவிட்டு அதற்கு மரியாதை என்று பெயர் சூட்ட வேண்டாம்.

மருதானை மின்னல்:
வணக்கம் அண்ணா. என் தலையில்தான் விவாத இழை தொடங்க வேண்டுமென்று ஏதாவது நேர்த்திக்கடனா?

10 விநாடிக்கு மேல் எடுக்கும் வேலைக்கு எவ்வளவு முடிந்தது என்று காட்ட வேண்டும் என்பதை நான் கண்டுபிடிக்கவில்லை. பயன்பாட்டு எளிமை ஆய்வாளர் யாக்கோப் நீல்சன் 1993 இல் எழுதியது. அதற்கும் முன்பு, 1985 இல், பிராட் மையர்ஸ் சோதித்துப் பார்த்தார். சதவீதப் பட்டை இருப்பதையே மக்கள் விரும்பினார்கள். நீங்கள் சொல்வதுபோல வெறும் வட்டம் சுற்றிக்கொண்டிருந்தால் என்ன நடக்கும்? செயலி செத்துவிட்டது என்று நினைத்து அண்மைச் செயலிகளின் பட்டியலிலிருந்து தள்ளிவிடுவார்கள். சில கம்பனிகளின் கைத்தொலைபேசிகளில் அப்படித் தள்ளினால் பின்னணி வேலையும் அதோடு சேர்ந்து போய்விடும். அப்போது உங்கள் உண்மை யாருக்கு?

கடலோரத்தான்:
நான் 99 பற்றிக் கேட்டேன். நீர் 10 பற்றிப் பேசுகிறீர்.

நீல்சன் சொன்ன 10 விநாடி, திரையின் முன் குந்தியிருப்பவரின் கவனம் எவ்வளவு நேரம் தாங்கும் என்பது பற்றியது. பின்னணி வேலை என்றால் ஆள் திரையின் முன் இல்லை. போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறிவிட்டார். மையர்ஸ் 1985 இல் எந்தக் கைத்தொலைபேசியை வைத்துச் சோதித்தார் என்பதையும் சொல்லிவிட்டுப் போம். பெயர்களை அடுக்கினால் 99 நூறாகிவிடாது.

வட்டம் சுற்ற வேண்டும் என்று நான் எங்கே எழுதினேன்? காட்டும்.

கொட்டாஞ்சேனைச் சோதகி:
நான் சோதனைப் பிரிவில் இருப்பவள். முறைப்பாடுகள் முதலில் என் மேசைக்குத்தான் வருகின்றன. 99 இல் நின்றால் கூப்பிடுகிறார்கள், உண்மை. எண்ணே இல்லாவிட்டால் இன்னும் சீக்கிரம் கூப்பிடுகிறார்கள். இது ஆய்வு அல்ல, தொலைபேசி மணி.

மற்றது, அண்ட்ரொய்ட் 13 வந்தபோது கடலோரத்தான் இதே இடத்தில் "அறிவிப்பு அனுமதியைக் கேட்பதற்கென்று தனித் திரை வைப்பது வீண், யாரும் மறுக்கமாட்டார்கள்" என்று எழுதினார். நம்பினோம். நிறையப் பேர் மறுத்தார்கள். மறுத்தவர்களுக்கு அறிவிப்பில் வரும் எங்கள் பட்டை தெரியவே இல்லை. அதை நான் மறந்துவிட்டதாக அவர் நினைக்கக்கூடாது.

கடலோரத்தான்:
"யாரும் மறுக்கமாட்டார்கள்" என்று நான் எழுதவில்லை. மறுத்தாலும் போர்கிரவுண்ட் சேர்விஸ், அதாவது ஆள் திரையை விட்டுப் போனாலும் தொடரும் வேலை, ஓடும் என்று எழுதினேன். ஓடுகிறதா இல்லையா? ஓடுகிறது. அறிவிப்புத் தட்டில் தெரியாது, ஓடும் செயலிகளின் பட்டியலில் தெரியும். அங்கே சதவீதம் இல்லை, நிறுத்தும் பொத்தான் மட்டும் இருக்கிறது. ஆகவே உங்கள் 99 ஐப் பார்க்கும் பாக்கியம் இல்லாதவருக்கும் கோப்பு போய்ச் சேர்ந்திருக்கிறது. என் பக்கத்தைத்தான் நீங்கள் பேசியிருக்கிறீர்கள், நன்றி.

கொட்டாஞ்சேனைச் சோதகி:
போய்ச் சேர்ந்தது என்று யார் சொன்னது? அவர்கள் திரும்பவும் அனுப்பினார்கள். ஒரே கோரிக்கை இரண்டு தரம் பதிவாகியது. அதைத் துப்புரவு செய்தது நான்.

அரைக்கோப்பை:
அண்ட்ரொய்ட்காரர்களின் குடும்பச் சண்டையில் தலையிட விருப்பமில்லை. ஐபோனில் இந்த 99 தகராறே கிடையாது. செயலி பின்னணிக்குப் போனால் கூடுதல் அவகாசம் கேட்டுப் பெறுவது ஏறக்குறைய 30 விநாடி, பிறகு உறக்கம். கோப்பு அனுப்ப ஆப்பிள் தரும் பின்னணி யூஆர்எல்செஷனில் கொடுத்துவிட்டால் கோப்பை இயங்குதளத்தின் வேறொரு செயன்முறை எடுத்துப்போகிறது. எல்லாம் முடிந்த பிறகுதான் நம்மைத் தட்டி எழுப்புகிறது. இடையில் சதவீதத்தை வாங்கிக் காட்ட நமது நிரலுக்கு உயிர் இருந்தால்தானே! காட்டாமலே இத்தனை வருடம் காலம் ஓடியிருக்கிறது.

மருதானை மின்னல்:
ஓடியதாக உங்களுக்கு நினைப்பு. அப்படியானால் ஐ.ஓ.எஸ் 26 இல் ஆப்பிள் ஏன் பயனர் தொடங்கிய நீண்ட வேலைகளுக்கென்று தனி வழி திறந்தது? அந்த வேலை பின்னணிக்குப் போனாலும் முன்னேற்றத்தை இயங்குதளமே திரையில் காட்டுகிறது. முன்னேற்றத்தைச் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். அசையாமல் நிற்கும் வேலையை இயங்குதளம் நிறுத்திவிடவும் கூடும். முன்னேற்றம் காட்டாதவனுக்குப் பின்னணியில் இடமில்லை என்று ஆப்பிளே சொல்கிறது. கடலோரத்தான் அண்ணா ஆப்பிளுக்கும் ஒரு கண்டனக் கடிதம் எழுதலாம்.

கடலோரத்தான்:
அங்கே வேலை கைத்தொலைபேசிக்குள்ளேயே நடக்கிறதென்று வைத்துக்கொள்ளும், உதாரணமாகக் காணொளியை மாற்றி எழுதுவது. எத்தனை சட்டகம் முடிந்தது, எத்தனை மிச்சம் என்பது நிரலுக்குத் தெரியும். அங்கே 99 என்றால் 99. நான் பேசுவது சேர்வரின் கையில் இருக்கும் வேலை பற்றி. அதற்கு 99 போடும் அதிகாரம் உமக்கு யார் தந்தது?

புறக்கோட்டையில் பாணந்துறைக்குப் போகும் 101 இன் நடத்துனர் "இதோ புறப்படுகிறது, இதோ புறப்படுகிறது" என்று கத்துவாரே, உமது பட்டையும் அதைத்தான் செய்கிறது. ஏறி உட்கார்ந்தவர் வியர்த்து வழிய அங்கேயே இருப்பார்.

மருதானை மின்னல்:
101 மொறட்டுவைக்குப் போவது. பாணந்துறைக்கு 100. ஓர் எண் தப்பினாலே பொய் என்று இழை திறப்பவர் பஸ் இலக்கத்தையாவது சரியாக எழுதலாம்.

கடலோரத்தான்:
இலக்கம் எதுவானாலும் கத்துவது ஒன்றுதான். காலி வீதியில் நீர் பிறப்பதற்கு முன்பிருந்தே பஸ் ஏறுகிறேன். 99 க்குப் பதில் இல்லாதவர் பஸ்ஸில் தொங்குகிறார்.

பழைய மொடம்:
நீங்கள் இருவரும் வேறு வேறு 99 பற்றிப் பேசுகிறீர்கள் என்று தோன்றுகிறது. கடலோரத்தான் சொல்வது பஃபர் 99. சோதகியின் மேசைக்கு வருவது இன்னொன்றாக இருக்கலாம். அண்ட்ரொய்ட், ஒரு செயலி ஒரு விநாடிக்குள் எத்தனை தரம் அறிவிப்பைப் புதுப்பிக்கலாம் என்று எல்லை வைத்திருக்கிறது. மிஞ்சினால் சிலவற்றைக் கைவிட்டுவிடும். ஒவ்வொரு சதவீதத்துக்கும் ஒரு புதுப்பிப்பு அனுப்பினால், சிறிய கோப்பில் அவை ஒரு நொடியில் குவிந்துவிடும். கடைசியாக வரும் "முடிந்தது" கைவிடப்படலாம். கோப்பு உண்மையில் போய்விட்டது, சேர்வரும் ஏற்றுக்கொண்டது, அறிவிப்பு மட்டும் 99 இல் உறைந்திருக்கும். இதற்குப் பட்டையை ஒழிக்க வேண்டியதில்லை; புதுப்பிப்புகளை இடைவெளி விட்டு அனுப்பினால் போதும்.

2007 இல் கிறிஸ் ஹரிசனும் குழுவினரும் செய்த ஆய்வும் நினைவுக்கு வருகிறது. ஒரே கால அளவுதான், ஆனால் கடைசிப் பகுதியில் தயங்கும் பட்டை மக்களுக்கு நீண்டதாகத் தெரிந்தது; கடைசியில் வேகம் கூடும் பட்டை குறுகியதாகத் தெரிந்தது. 99 இல் நிற்பது எல்லாவற்றிலும் மோசமான இடத்தில் நிற்பது.

கடலோரத்தான்:
பார்த்தீர்களா, பழைய மொடமும் 99 மோசம் என்கிறார்.

மருதானை மின்னல்:
பட்டையை ஒழிக்க வேண்டியதில்லை என்றும் சொல்கிறார். அந்த வரி உங்கள் திரையில் வரவில்லையா? பஃபரில் நின்றுவிட்டதாக்கும்.

பழைய மொடம்:
நான் சொன்னது இடைவெளி பற்றி.

மருதானை மின்னல்:
சரி, வேலைக்கு வருவோம். கோப்பைத் துண்டு துண்டாக அனுப்புங்கள். ஒவ்வொரு துண்டையும் சேர்வர் பெற்றுக்கொண்டேன் என்று சொன்ன பிறகே பட்டையை நகர்த்துங்கள். இடையில் இணைப்பு அறுந்தால் கடைசியாக ஏற்ற துண்டிலிருந்து தொடரலாம். பஃபர் கதைக்கே இடமில்லை. துண்டுகள் முடிந்ததும் "சேர்வரில் சரிபார்க்கப்படுகிறது" என்று வரியை மாற்றுங்கள். அண்ட்ரொய்ட் 14 இலிருந்து பயனரே தொடங்கிய தரவு மாற்றத்துக்கென்று தனி வேலை வகையும் இருக்கிறது. இதையெல்லாம் செய்யச் சோம்பல்பட்டுவிட்டு எண்ணைக் குறை சொல்வது யார்?

கடலோரத்தான்:
ஆ! "சரிபார்க்கப்படுகிறது" என்று வரி மாறும்போது பட்டை எங்கே நிற்கும்? சொல்லும்.

மருதானை மின்னல்:
கடைசியில்.

கடலோரத்தான்:
கடைசியில் என்றால்?

மருதானை மின்னல்:
எண்ணை எடுத்துவிடலாம்.

கடலோரத்தான்:
எண்ணை எடுத்தால் பயனரை மதிக்காத செயலி என்று எழுதியவர் யார்? நானா?

மருதானை மின்னல்:
ஒரு கட்டத்தில் மட்டும் எடுப்பதும் முதலிலிருந்தே காட்டாமல் விடுவதும் ஒன்றா? கட்டுபெத்தைப் பல்கலைக்கழகத்தில் இதைத்தான் படிப்பித்தார்களா?

கடலோரத்தான்:
கட்டுபெத்தையை இதற்குள் இழுக்க வேண்டாம். அங்கே எங்களுக்கு முதல் வருடத்திலேயே சொன்னது: அளக்க முடியாததற்கு அளவு எழுதாதே. தனியார் வகுப்பில் மூன்று மாதத்தில் செயலி செய்யப் பழகியவர்களுக்கு அது போய்ச் சேரவில்லை என்றால் பிழை கட்டுபெத்தையுடையது அல்ல.

கொட்டாஞ்சேனைச் சோதகி:
நானும் தனியார் வகுப்பில் படித்தவள்தான். கட்டுபெத்தைக்காரர் எழுதிய நிரலில்தான் அந்த இரட்டைப் பதிவு வந்தது.

கடலோரத்தான்:
கோரிக்கைக்குத் தனி அடையாள எண் போட்டிருந்தால் இரண்டாவது தரம் அனுப்பினாலும் சேர்வர் ஒதுக்கித் தள்ளியிருக்கும். அது சேர்வர்காரரின் பிழை. பட்டைக்கும் அதற்கும் தொடர்பில்லை.

கொட்டாஞ்சேனைச் சோதகி:
சேர்வர் நிரலும் உங்கள் குழுவுடையதுதான்.

அரைக்கோப்பை:
தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்தேன். தொடருங்கள். ஒரு சந்தேகம்: அண்ட்ரொய்ட் 15 இல் தரவு ஒத்திசைவு சேர்விசுக்கு 24 மணித்தியாலத்தில் மொத்தம் 6 மணித்தியாலம்தான் என்கிறார்களே. ஆறு மணித்தியாலம் 99 இல் நிற்கும் செயலியும் உங்களிடம் உண்டா?

கடலோரத்தான்:
சிரிப்பதற்கு நல்ல விடயம். ஐபோன்காரருக்கு 30 விநாடி கிடைக்கிறதென்று சற்று முன் அவரே எழுதினார்.

மருதானை மின்னலுக்கு நேரடியாகக் கேட்கிறேன். 99 காட்டிய பிறகு உமது சேர்வர் கோப்பை நிராகரித்தால், அளவு கூடியது, வகை பொருந்தவில்லை, எதுவோ ஒன்று, அப்போது பட்டை என்ன செய்யும்? பின்னோக்கிப் போகுமா? 99 இலிருந்து பூச்சியத்துக்கு விழுமா? விழுந்தால் அந்த 99 என்ன? விழாவிட்டால் அந்த 99 என்ன?

மருதானை மின்னல்:
அளவையும் வகையையும் அனுப்பத் தொடங்குவதற்கு முன்பே கைத்தொலைபேசியில் சோதிக்கலாம். சோதிக்காமல் அனுப்பிவிட்டு 99 ஐத் திட்டுவது உங்கள் வழக்கம். சென்ற இழையில் "என் முறையில் எழுதிய நிரலை இங்கே போடுகிறேன், பாருங்கள்" என்று வாக்களித்தீர்கள். இன்றுவரை காணோம். அதை எந்தச் சதவீதத்தில் வைத்திருக்கிறீர்கள்?

கடலோரத்தான்:
அந்த இழை பூட்டப்பட்டுவிட்டது, அதனால் போடவில்லை. விடயத்தை மாற்ற வேண்டாம். 99 க்குப் பதில் சொல்லும்.

மருதானை மின்னல்:
இந்த இழை திறந்துதான் இருக்கிறது. நிரலை இங்கேயே போடலாம்.

கடலோரத்தான்:
முதலில் 99.

கொட்டாஞ்சேனைச் சோதகி:
எங்களுடைய அடுத்த வெளியீடு வெள்ளிக்கிழமை. பட்டை இருக்கும், சதவீதமும் இருக்கும், முகாமையாளர் கையெழுத்து வைத்துவிட்டார். கடலோரத்தான் கூட்டத்தில் இருந்தார், வாய் திறக்கவில்லை. இங்கே வந்துதான் திறந்திருக்கிறார்.

கடலோரத்தான்:
கூட்டத்தில் எனக்குப் பேசத் தந்த நேரம் எவ்வளவு என்பதையும் எழுதுங்கள்.