மகன் அமெரிக்க நேவி பயிற்சிக்குப் போறான், தோட்டத்துல இருந்து நாங்க என்ன செய்யணும்?

லிந்துலை அம்மா:

வணக்கம். மகனுக்கு கிரீன் கார்ட் லொத்தர் விழுந்து, இப்ப நியூ ஜெர்சியில அவன் சித்தப்பா வீட்டுல இருக்கான். நேவியில சேர்ந்துட்டான். ஜனவரி நடுவுல சிக்காகோ பக்கத்துல இருக்கிற கிரேட் லேக்ஸ் பயிற்சி முகாமுக்குப் போகணுமாம். உள்ள போனா ஃபோன் கையில இருக்காது, கடிதம்தான்னு சொல்றான். நெட்டுல ஒருத்தர் 8 வாரம்ங்கிறார், இன்னொருத்தர் 10 வாரம்ங்கிறார். அங்கயே உள்ள தாய் தகப்பன்மாருக்கு எழுதினதுதான் எல்லாம். நாங்க இலங்கையில தேயிலைத் தோட்டத்துல இருக்கோம். கடிதம் எப்படிப் போடுறது, ஃபோன் எப்ப வரும், வீட்டுல யாருக்காவது ஏதும் ஆனா எப்படி அறிவிக்கிறது? அவனுக்கு நீச்சலும் தெரியாது. அவங்க அப்பா ராத்திரியில தூங்குறதே இல்ல.

மல்லியப்பு சந்தி:

அக்கா, முதல்ல வாரக் கணக்கு. முன்ன 8 வாரம். 2022ல 10 ஆக்கினாங்க. 2025 ஜனவரியில இருந்து 9 வாரம். பழைய பக்கங்களைப் படிச்சு கலண்டர்ல கோடு போடாதீங்க.

அடுத்தது, சித்தப்பாவை நடு ஆளா வைங்க. அவர் வீட்டு முகவரியும் ஃபோன் இலக்கமும்தான் மகனுக்குத் தொடர்பு. காரணம் சொல்றேன். இங்க இருந்து ஏர் மெயில் போய்ச் சேர ரெண்டு மூணு வாரம் எடுக்கும், சிலநேரம் அதுக்கும் மேல. அவன் உள்ள போய் பிரிவு ஒதுக்கின பிறகுதான் முகவரியே வரும். அது உங்க கைக்கு வந்து, நீங்க எழுதி, அது போய்ச் சேர்றதுக்குள்ள பாதிப் பயிற்சி முடிஞ்சிடும். ஆறாவது வாரத்துக்குப் பிறகு ஹட்டன்லயோ தலவாக்கலையிலயோ பெட்டியில போடுற கடிதத்தை அவன் கண்ணால காண மாட்டான்.

அதனால கையால எழுதி, வெளிச்சத்துல வச்சு ஃபோட்டோ எடுத்து சித்தப்பாவுக்கு வாட்ஸ்அப் பண்ணுங்க. அவர் பிரின்ட் எடுத்துத் தபால்ல போட்டா சில நாள்ல போயிடும். சாண்ட்பாக்ஸ்னு ஒரு ஆப்பும் இருக்கு. ஃபோன்ல டைப் பண்ணினா அவங்களே அச்சடிச்சு முகாமுக்கு அனுப்புவாங்க, காசு கட்டணும். கையால எழுதுறதைத் தமிழ்லயே எழுதலாம்.

கவர்ல பேர் எழுதுறதுலதான் நம்ம ஆட்களுக்குச் சிக்கல் வருது. நம்மகிட்ட குடும்பப் பேர் இல்ல. அமெரிக்கப் பேப்பர்ல அப்பா பேரே குடும்பப் பேரா விழுந்திருக்கும், சிலருக்குத் தலைகீழா சொந்தப் பேரே அந்த இடத்துல இருக்கும். சட்டையில தைக்கிறது அந்தப் பேர்தான், தபால் பிரிக்கிறதும் அதை வச்சுத்தான். வீட்டுல கூப்பிடுற பேரை எழுதினா அலையும். குடும்பப் பேர், அவன் பேர், கப்பல் இலக்கம், டிவிஷன் இலக்கம், தெரு முகவரி, கடைசியா இலினொய் 60088. கப்பல்னு சொல்றது அவங்க தங்குற கட்டடத்தை, கடல்ல இருக்கானோன்னு பயப்படாதீங்க. டிவிஷன்னா அவனைச் சேர்த்த பயிற்சிக் குழு.

கவருக்குள்ள காகிதமும் சின்ன ஃபோட்டோவும் மட்டும். கோயில் திருநீறு மடிச்சு வைக்காதீங்க. வெள்ளைப் பவுடர் கொட்டின கடிதம்னா அங்க பாதுகாப்புப் பிரச்சினையா எடுப்பாங்க, அவனையும் கூப்பிட்டு விசாரிப்பாங்க. தேயிலைப் பக்கெட், இனிப்பு, பார்சல் எதுவும் வேணாம். கவர்ல பூ, ஸ்டிக்கர் ஒட்டி அலங்கரிச்சா பிள்ளையைத்தான் நக்கல் அடிப்பாங்க.

அவன்கிட்ட இருந்து வர்ற கடிதத்துக்கும் அதே வழிதான். அமெரிக்காவுக்குள்ள ஒட்டுற முத்திரை ஒண்ணு வெளிநாட்டுக்குப் போதாது, அதோட லயத்து (தோட்டத்து வரிசை வீட்டு) முகவரிக்கு வர்றது தோட்டத்து ஆபிஸ்ல தங்கி, யாராவது எடுத்துக் குடுத்தாத்தான் உண்டு. சித்தப்பாவுக்கு எழுதட்டும், அவர் படம் எடுத்து அனுப்பட்டும்.

டிக்கோயா தம்பி:

ஃபோன் பற்றி. போய் இறங்கின ராத்திரி ஒரு கோல் குடுப்பாங்க. சேர்ந்துட்டேன்னு சொல்லிட்டு வச்சிடணும், சில செக்கன்தான். குரல் இறுகினமாதிரி கேட்கும், பக்கத்துல நின்னு அவசரப்படுத்துவாங்க. அதை வச்சு எதையும் முடிவு பண்ணாதீங்க. பிறகு வர்ற கோல்களைக் கைவிரல்ல எண்ணலாம், எப்பன்னும் சொல்ல ஏலாது.

குளிர்காலத்துல நம்ம நேரம் முகாம் நேரத்தை விட பதினொன்றரை மணித்தியாலம் முந்தி. அங்க ஞாயிறு காலை 9 மணின்னா இங்க ஞாயிறு ராத்திரி எட்டரை. மார்ச் இரண்டாவது ஞாயிறு அவங்க மணிக்கூட்டை மாத்தினதும் வித்தியாசம் பத்தரை ஆகும்.

அவன் சித்தப்பாவைக் கூப்பிடுறதுதான் சுலபம். அவர் அப்படியே உங்களையும் லைன்ல சேர்த்துவிடலாம். இதை இப்பவே ஒருக்கா செஞ்சு பழகுங்க. லயத்துக்குள்ள சிக்னல் இல்லன்னா, எங்க நின்னா ரெண்டு கோடாவது வருதுன்னு பார்த்து ஃபோனை அங்க வைங்க.

பிளஸ் 1ல தொடங்குற இலக்கத்துல யாராவது "உங்க மகனுக்கு லீவு எடுக்கக் காசு, பட்டமளிப்புக்குக் காசு"ன்னு கேட்டா வச்சிடுங்க. சாப்பாடு, தங்குமிடம் இலவசம், பயிற்சிக்குக் கட்டணம் கிடையாது. மாசத்துல 1ஆம் தேதியும் 15ஆம் தேதியும் அவன் கணக்குக்குத்தான் சம்பளம் போகுது.

பட்டனை வீதி:

அவசரத் தகவல் செஞ்சிலுவை வழியாத்தான் போகணும். அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கத்துல படையினர் குடும்பத்துக்குன்னே 24 மணித்தியாலச் சேவை இருக்கு: 877-272-7337. அது அங்கத்து இலவச இலக்கம், இங்க இருந்து எடுபடாமப் போகலாம். சித்தப்பா எடுக்கட்டும், இணையத்துலயும் பதியலாம். அவர் கையில இருக்க வேண்டியது: மகனோட முழுப் பேர், பிறந்த தேதி, நேவின்னு, கப்பலும் டிவிஷனும். உங்க பக்கத்துல இருந்து நோயாளி பேர், உறவு, ஆஸ்பத்திரி, வார்ட், டொக்டர் பேர், ஆஸ்பத்திரி ஃபோன். அவங்க ஆஸ்பத்திரியோட பேசி உறுதிப்படுத்தின பிறகுதான் முகாமுக்குச் சொல்லுவாங்க. வார்ட்ல ஃபோன் எடுக்க ஆள் இல்லாம இழுபடுறது இங்கதான், அதனால இங்கிலீஷ் பேசக்கூடிய ஒரு ஆளை முன்கூட்டியே பிடிச்சு வைங்க.

செஞ்சிலுவை தகவல் மட்டும்தான் குடுக்கும், லீவைத் தீர்மானிக்கிறது கட்டளை அதிகாரி. கஷ்டமான விசயம் ஒண்ணையும் சொல்லணும். சிக்காகோவுல இருந்து கட்டுநாயக்க விமான நிலையத்துக்கு வர ஒரு நாளுக்கு மேல, அங்க இருந்து லிந்துலைக்கு இன்னும் அஞ்சாறு மணித்தியாலம். நம்ம பக்கம் அடக்கம் அதுக்குள்ள முடிஞ்சிடும். திரும்பிப் போனா வேற டிவிஷன்ல பின்னுக்குப் போடுவாங்க. பெரியவங்க யாராவது படுத்த படுக்கையா இருந்தா, அவனுக்கு உடனே சொல்லணுமா, பயிற்சி முடிஞ்சு, 16ஆம் நாள் காரியம் மாதிரி ஒண்ணுக்கு வரட்டுமான்னு அவன்கிட்டயே இப்ப கேட்டு வைங்க. வீட்டுல அதை ரெண்டு பேர் ரெண்டு விதமாப் பேசினா பிறகு மனஸ்தாபம்தான்.

மல்லியப்பு சந்தி:

நீச்சல் விட்டுப்போச்சு. அவங்க கேட்கிறது நாலு விசயம்: உயரத்துல இருந்து ஆழத் தண்ணியில குதிக்கணும், 50 யார் (45 மீட்டருக்குக் கொஞ்சம் மேல) எந்த முறையிலயாவது நீந்தணும், 5 நிமிசம் குப்புற மிதக்கணும், போட்டிருக்கிற உடுப்புல காத்து நிரப்பணும். தெரியாதவங்களுக்கு அங்கயே வகுப்பு இருக்கு. குதிக்கப் பயந்தும் மூச்சை அடக்காமலும்தான் அநேகம் பேர் தவறுறாங்க. இருக்கிற ஒரு மாசத்துல நியூ ஜெர்சியில ஏதாவது உள்ளரங்கக் குளத்துல குப்புற மிதக்கப் பழகட்டும், மிச்சம் பிறகு வரும். உடற்தகுதிப் பரீட்சையில ஓட்டம் 1.5 மைல், புஷ்-அப், பிளாங்க் (முழங்கையை ஊன்றி உடம்பை நேராப் பிடிக்கிறது). மலையில ஏறி இறங்கின கால்தானே.

மாட்டிறைச்சி சாப்பிடாதவன்னா வரிசையில அதை விட்டுட்டு வேறதை எடுக்கலாம். கழுத்துல மாட்டுற அடையாளத் தகட்டுல மதம் பொறிப்பாங்க, கேட்கிறப்ப இந்துன்னு சொல்லச் சொல்லுங்க.

பரீட்சை தவறினாலோ, காய்ச்சல்ல படுத்தாலோ பின்னால வர்ற டிவிஷனுக்கு மாத்துவாங்க. அப்ப முகவரியும் மாறும், முடியிற தேதியும் தள்ளும். ரெண்டு மூணு வாரம் சத்தமில்லன்னா அநேகமா அவன் நல்லாத்தான் இருக்கான்.

லிந்துலை அம்மா:

எல்லாருக்கும் புண்ணியம். அவங்க அப்பா கடைசி நாள் விழாவுக்குப் போகணும்னு நிக்கிறார். ஏலுமா?

டிக்கோயா தம்பி:

ஏலும், ஆனா நான் சொன்னா வேணாம்பேன். விசிட் விசாவுக்கு 185 டொலர் கட்டி கொழும்புத் தூதரகத்துல இன்டர்வியூவுக்குப் போகணும், கிடைக்காட்டி காசு திரும்பாது. டிக்கெட்டை எடுத்த பிறகு அவனைப் பின்னுக்குப் போட்டா விழாத் தேதியே மாறிடும். விழாவுக்கு வர்றவங்க பேரை மகன் உள்ள இருந்தே குடுக்கணும். முடிஞ்சு கொஞ்ச மணித்தியாலம்தான் கூட இருக்கலாம், பிறகு அடுத்த பயிற்சிப் பள்ளிக்கு ஏத்திடுவாங்க. அந்தக் காசுல அவன் லீவுல இங்க வரலாம்.

விழாவை முகாமே நேரலையில போடுது. அங்க காலை 9 மணி அளவில. உங்களுக்கு மார்ச் நடுவுல வரும், மணிக்கூடு மாறியிருக்கும், அதனால இங்க ராத்திரி ஏழரை. ஏழுக்கே திறந்து வைங்க. எல்லாருக்கும் ஒரே உடுப்பு, ஒரே முடிவெட்டு, ஆளைக் கண்டுபிடிக்க ஏலாது. டிவிஷன் இலக்கத்தையும், எத்தனையாவது வரிசையில நிக்கிறான்னும் கடைசி கோல்ல கேட்டு எழுதி வைங்க, முன்னால கொண்டுபோற கொடியில அந்த இலக்கம் இருக்கும்.