புதுப்பிப்பு: அம்மாவுக்கு நடைப்பயிற்சி மட்டும் போதுமா?

தண்டையார்பேட்டையில் வசிக்கும், நீரிழிவுள்ள என் 66 வயது அம்மாவுக்கு மாலை நடை ஒன்றே போதுமா என்று முன்பு கேட்டிருந்தேன். போதாது என்கிறார் இயன்முறை மருத்துவர். உலகச் சுகாதார நிறுவனத்தின் 2020ஆம் ஆண்டு வழிகாட்டுதலும், வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட மிதமான உடலுழைப்புடன் இரண்டு நாளாவது தசைகளை வலுவூட்ட வேண்டும் என்றும், 65 வயதைக் கடந்தவர்கள் மூன்று நாளாவது சமநிலைக்கான பயிற்சியையும் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்றும் சொல்கிறது. உழைக்கும் தசை, இன்சுலினின் துணையின்றியே ரத்தத்திலுள்ள சர்க்கரையை எடுத்துக்கொள்ளும் என்பது கூடுதல் லாபம்.

"இந்த வயதில் பளு தூக்குவதா?" என்று சிலர் தயங்கியிருந்தீர்கள். அமெரிக்காவில் 1990இல் வெளியான ஓர் ஆய்வில், சராசரியாக 90 வயதான முதியோர் இல்லவாசிகளின் கால் வலிமை எட்டு வாரப் பளுப் பயிற்சியில் சராசரியாக 174 விழுக்காடு கூடியது. பத்துப் பேரை மட்டுமே கொண்ட சிறிய ஆய்வுதான், ஆயினும் அந்தத் தயக்கத்துக்கு அது போதுமான பதில் என்றே நினைக்கிறேன்.

இப்போது அம்மா கைகளை மார்பில் கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருகிறார். சமையல் மேடையைப் பிடித்தபடி குதிகால்களை உயர்த்துகிறார். எழும்போது மூச்சை அடக்கினால் ரத்த அழுத்தம் சட்டென ஏறும் என்பதால், வாய்விட்டு எண்ணச் சொல்லியிருக்கிறார்கள். நடையை மட்டும், கன்டெய்னர் லாரிகளின் புழுதிக்குப் பயந்து, விடியற்காலைக்கு மாற்றியிருக்கிறோம்.