ஏறும்போது 3-ஆம் சிலிண்டர் மட்டும் சூடாகிறது (ஆர்.வி-7, ஓ-360)

கேள்வி:
வணக்கம். ஒன்டாரியோவில் வீட்டுக் கராஜிலேயே கட்டிய ஆர்.வி-7 சிறுவிமானம், அதில் கார்புரேட்டர் வைத்த நான்கு சிலிண்டர் லைகாமிங் ஓ-360 எஞ்சின். புறப்பட்டு ஏறும்போது 3-ஆம் சிலிண்டர் ஹெட் 425 டிகிரி பாரன்ஹீட் வரை போகிறது. மற்ற மூன்றும் 380-ஐத் தாண்டுவதில்லை. சமமாகப் பறக்கத் தொடங்கியதும் 370-க்கு இறங்கிவிடும். ஹாங்கரில் ஒருவர் கவுலிங்கின் (எஞ்சின் மூடியின்) காற்று வெளிவாயை வெட்டிப் பெரிதாக்கச் சொல்கிறார். இன்னொருவர் சிலிண்டருக்குக் கலவை போகும் இன்டேக் குழாயில் கசிவு என்கிறார். எதிலிருந்து தொடங்குவது?

பதில் 1:
கையேட்டில் எல்லை 500 டிகிரி. 425 பெரிய விஷயமில்லை. மூக்கைக் கொஞ்சம் இறக்கி, வேகமாக ஏறுங்கள், போதும்.

பதில் 2:
தம்பி, வேகமாக ஏறுவது இன்றைக்கு உதவும். ஆனால் 500 என்பது தாண்டவே கூடாத எல்லை. 400-க்கு மேல் ஹெட்டின் அலுமினியம் வலுவிழக்கத் தொடங்கிவிடும், தினமும் அப்படி ஓட்டினால் சிலிண்டர் சீக்கிரம் போய்விடும். இதை இப்போதே சரிசெய்யுங்கள். கவுலிங்கில் மட்டும் தயவுசெய்து கத்தி வைக்காதீர்கள்.

முதலில் 1, 3 இரண்டின் சென்சரையும் இடம் மாற்றிப் பறந்து பாருங்கள். சூடும் 1-க்கு மாறினால் கோளாறு சென்சரில்தான். ஸ்பார்க் பிளக் அடியில் போடும் வளைய வகை சென்சர் என்றால் கூட்டியே காட்டும்.

இன்டேக் கசிவாக இருக்காது என்று நினைக்கிறேன். ஏறும்போது திராட்டில் முழுக்கத் திறந்திருக்கும். குழாய்க்குள் அழுத்தம் வெளிக்காற்றுக்குக் கிட்டத்தட்ட சமம். ஓட்டை இருந்தாலும் அதிகம் உறிஞ்சாது. அது திராட்டில் மூடிய ஐடிலில்தான் தொல்லை தரும். பிளக்குக்குப் பொறி தரும் மேக்னெட்டோவின் டைமிங் முந்தியிருந்தால் நான்குமே சூடாகியிருக்கும்.

என் சந்தேகம் சிலிண்டர்களைச் சுற்றிக் காற்றை வழிநடத்தும் பேஃபிள் தகட்டின் மேல்தான். முன்னால் நுழையும் காற்று எஞ்சினுக்கு மேலே அழுத்தமாக நிறைந்து, சிலிண்டரைக் குளிர்விக்கும் ஃபின்களின் நடுவே கீழே இறங்க வேண்டும். 3-இன் பின்பக்கத்தில் ஃபின்களுக்கு ஆழமே இல்லை. தகடு அங்கே ஒட்டி உட்கார்ந்தால் காற்றுக்கு வழி ஏது? அதே வார்ப்புதான் எதிர்ப்பக்கம் திரும்பி நிற்கிறது, அதனால் எதிர்ப்பக்க முன்வரிசையில் உள்ள 2-இன் முன்பக்கமும் இப்படித்தான். அது குளிர்காற்றுக்கு நேர் எதிரே இருப்பதால் தெரிவதில்லை.

திருகு இருக்கும் இடத்தில் தகட்டுக்கும் சிலிண்டருக்கும் நடுவே வாஷர் கொடுத்து, தகட்டைச் சற்றுத் தள்ளுங்கள். ஆர்.வி கட்டியவர்கள் பலர் செய்யும் வேலைதான் இது. ஃபின்களுக்குள் வார்ப்புப் பிசிறு இருந்தால் மெல்லிய அரத்தால் எடுங்கள். அப்புறம் ஹாங்கர் விளக்கை அணைத்துவிட்டு, கீழிருந்து டார்ச் அடித்து மேலிருந்து பாருங்கள். ஃபின் இல்லாத மூலைகளில் வெளிச்சம் வந்தால் அங்கெல்லாம் சிலிகான் பூசி அடைக்க வேண்டும்.

கேட்டவர்:
நன்றி அண்ணா. சென்சர் மாற்றிப் பார்த்தேன், சூடு 3-லேயே நிற்கிறது. பின்தகட்டுக்கு உள்ளே நகம்கூட நுழையவில்லை. வாஷர் எவ்வளவு கனம்? 1-க்கு முன்னால் இருக்கும் காற்றுத் தடுப்பையும் கூடவே குறைக்கட்டுமா?

பதில் 2:
3 மி.மீ. அளவு இடைவெளி போதும். தகட்டின் கீழ்ப்பகுதி ஹெட்டைச் சுற்றி வளைந்து இறுக்கமாகவே இருக்கட்டும். முன்தடுப்பை இப்போது தொடாதீர்கள். இரண்டையும் சேர்த்து மாற்றினால் எது வேலை செய்தது என்றே தெரியாது. அடுத்த ஆயில் மாற்றத்தின்போது திருகைச் சுற்றித் தகட்டில் விரிசல் இருக்கிறதா என்று பாருங்கள். பறந்து வந்ததும் நான்கு சிலிண்டர்களின் எண்களையும் வெளி வெப்பநிலையோடு சேர்த்து இங்கே போடுங்கள். குளிர்நாளில் இறங்கியதை வாஷர் இறக்கியதாக எண்ணிவிடக் கூடாது.