வழிதவறி வந்த வளர்ப்புப் புறாவை என்ன செய்வது?

வேம்புநிழல்:

நேற்று மாலை முதல் எங்கள் மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரில் ஒரு புறா உட்கார்ந்திருக்கிறது. அக்கம்பக்கத்து மாடப்புறாக்களோடு அது சேர்வதில்லை. அருகில் போனால் பறக்காமல் இரண்டடி தள்ளி நடந்து, மீண்டும் நின்றுவிடுகிறது. நீலச்சாம்பல் உடல், இறக்கையில் இரண்டு கருப்புப் பட்டைகள். ஒரு காலில் எழுத்தும் எண்ணும் பொறித்த வளையமும், மறுகாலில் தடித்த பிளாஸ்டிக் வளையம் ஒன்றும் இருக்கின்றன. காயம் எதுவும் கண்ணில் படவில்லை. ஆனால் இறகைச் சிலிர்த்துக்கொண்டு கண்ணை மூடி மூடித் திறக்கிறது. எச்சம் கரும்பச்சையாகவும் நீர்த்தும் இருக்கிறது. தானே போய்விடும் என்று விட்டுவிடலாமா, பிடித்து வைக்க வேண்டுமா? வீட்டில் ஒரு ஜோடி லவ் பேர்ட்ஸ் இருப்பதால் அதையும் யோசிக்க வேண்டியிருக்கிறது.

கூண்டுக்காரர்:

நீங்கள் விவரிப்பது பந்தய ஹோமர் புறா, அதாவது தொலைவில் விட்டாலும் தன் கூட்டுக்கே திரும்பும் இனம் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. எழுத்து பொறித்த வளையம் இணைப்பே இல்லாதது. குஞ்சு பொரிந்து ஏறக்குறைய ஒரு வாரத்துக்குள், விரல்கள் இன்னும் மெல்லியதாக இருக்கும்போது மட்டுமே அதை மாட்ட முடியும் என்பதால், அது காலில் இருக்கும் புறா யாரோ ஒருவர் கூட்டில் பிறந்து வளர்ந்தது என்று உறுதியாகச் சொல்லலாம். தடித்த பிளாஸ்டிக் வளையம் அநேகமாகப் பந்தயத்தில் வந்துசேரும் நேரத்தைப் பதியும் மின்னணு வளையமாக இருக்கும். அதை வெளியிலிருந்து பார்த்துப் படிக்க இயலாது.

பிடித்துவிடுங்கள். எச்சத்தில் அந்தப் பச்சை பெரும்பாலும் பட்டினியின் அடையாளம். பூனையோ வல்லூறோ வந்தால் இந்த நிலையில் தப்பிக்க அதனால் முடியாது. பகலில் துரத்தினால் மிஞ்சியிருக்கும் தெம்பையும் இழக்கும். இருட்டிய பிறகு போங்கள். புறாவுக்கு இருட்டில் கண் சரியாகத் தெரியாது, பெரும்பாலும் இருந்த இடத்திலேயே இருக்கும். மெல்லிய துண்டைப் போர்த்தி, இறக்கைகள் உடலோடு ஒட்டியிருக்கும்படி இரு கைகளாலும் எடுங்கள். மார்பை மட்டும் இறுக்கிப் பிடிக்க வேண்டாம்: நம்மைப் போல் அதற்கு உதரவிதானம் கிடையாது, மார்பெலும்பு ஏறி இறங்கினால்தான் மூச்சு ஓடும்.

காற்றோட்டத்துக்குத் துளையிட்ட அட்டைப்பெட்டியில் துணி விரித்து, சந்தடி இல்லாத, கதகதப்பான இடத்தில் வையுங்கள். முதலில் உடல் சூடாக வேண்டும், பிறகு தண்ணீர், அதற்குப் பிறகுதான் தீனி; குளிர்ந்து துவண்டிருக்கும் பறவைக்குத் தீனி செரிக்காது. தண்ணீர்க் கிண்ணம் மூன்று சென்டிமீட்டராவது ஆழமாக இருக்கட்டும். கோழியைப் போல் தலையை அண்ணாந்து விழுங்குவது புறாவின் வழக்கமில்லை. மூக்கு வரை அலகை அமிழ்த்தி ஒரே மூச்சில் உறிஞ்சும். தட்டையான மூடியில் வைத்துவிட்டு, குடிக்க மறுக்கிறது என்று வருந்துவோர் உண்டு. கிண்ணத்தைக் கண்டுகொள்ளாவிட்டால் அலகின் நுனியை ஒருமுறை நீரில் மெல்லத் தொடவையுங்கள், அது போதும். வாயைத் திறந்து ஊற்றினால் மூச்சுக்குழாயில் இறங்கி உயிருக்கே ஆபத்தாகிவிடும்.

தீனிக்குச் சோளம், கோதுமை, கம்பு, காய்ந்த பட்டாணி எதுவானாலும் சரி, வேகவைக்காத அரிசியும் பரவாயில்லை. ரொட்டியும் பாலும் வேண்டவே வேண்டாம். நாளொன்றுக்கு முப்பது கிராம் தானியம் ஒரு ஹோமருக்குத் தாராளம்.

வளையத்தில் பொதுவாக நாட்டையோ சங்கத்தையோ குறிக்கும் எழுத்துகளும், பொரிந்த ஆண்டும், வரிசை எண்ணும் இருக்கும். ஜிபி என்றால் பிரிட்டன், என்எல் என்றால் நெதர்லாந்து, டிவி என்றால் ஜெர்மனி. அமெரிக்காவில் ஏயூ, ஐஎஃப் ஆகிய எழுத்துகளைச் சங்கங்கள் இடுகின்றன. அந்த எழுத்துகளைக் கொண்டு சங்கத்தைக் கண்டுபிடித்து எண்ணைச் சொன்னால், அவர்கள் பதிவேட்டைப் பார்த்து உரிமையாளருக்குத் தகவல் தருவார்கள். இறக்கையையும் மெல்ல விரித்துப் பாருங்கள். சிலர் நீண்ட இறகுகளில் தொலைபேசி எண்ணை முத்திரையாகக் குத்தியிருப்பார்கள். ஒன்று மட்டும் கவனம்: முழு எண்ணை இங்கே பொதுவில் போடாதீர்கள். என்னுடைய புறா என்று வருபவரே அந்த எண்ணைச் சொல்லட்டும்.

வெண்சிறகு:

கூண்டுக்காரர் சொன்னவற்றோடு சில எச்சரிக்கைகளைச் சேர்க்கிறேன். காயம் தெரியவில்லை என்பதோடு நிறுத்திவிடாமல், இறகுகளை ஊதி விலக்கித் தோலைப் பாருங்கள். பூனையின் பல் பட்டிருந்தால் துளை ஊசிமுனை அளவே இருக்கும், ஆனால் அதன் வாயிலுள்ள கிருமிகள் விரைவில் இரத்தத்தில் பரவிவிடும். அப்படியானால் அன்றைக்கே மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும். அலகைத் திறந்து பார்க்கும்போது தொண்டையில் மஞ்சளாகத் தயிர்க்கட்டி போல் ஏதேனும் ஒட்டியிருந்தால் அது ட்ரைக்கோமோனாஸ் ஒட்டுண்ணியின் வேலை, மருந்தால் குணமாகக்கூடியது. சுரண்டி எடுக்க முயலாதீர்கள், இரத்தம் பெருகும். தலை திருகிக்கொள்வதும், தானியத்தைக் கொத்தும்போது குறி தவறுவதும் பாராமிக்சோ வைரஸின் அறிகுறிகள். பார்ப்பதற்குப் பயங்கரமாக இருந்தாலும், சில வாரங்கள் பொறுமையாகப் பராமரித்தால் பல புறாக்கள் தேறிவிடுகின்றன.

லவ் பேர்ட்ஸ் இருக்கும் அறையில் இதை வைக்காதீர்கள். புறாவுக்கும் கிளி இனத்துக்கும் பொதுவான சிட்டகோசிஸ் என்ற பாக்டீரியா நோய் மனிதருக்கும் தொற்றக்கூடியது. எச்சம் காய்ந்து தூசியாகும் முன் ஈரத்துணியால் துடைத்து, கையைச் சோப்பிட்டுக் கழுவுங்கள்.

உரிமையாளரைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். வழி தவறிய புறா பந்தயத்துக்கு உதவாது என்று கழித்துக்கட்டுபவர்கள் இருக்கிறார்கள். ஆகவே திரும்ப வேண்டுமா, வந்தால் என்ன செய்வீர்கள் என்று நேராகவே கேட்டுவிடுங்கள். வேண்டாம் என்றால் அதையும் எழுத்தில் வாங்கிக்கொண்டு, நல்ல இடத்தில் சேர்க்கலாம். இன்னும் பத்து ஆண்டுகளுக்கு மேல் வாழக்கூடிய உயிர் அது.

கூண்டுக்காரர்:

எல்லாரையும் ஒரே தராசில் நிறுக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். புயலோ எதிர்காற்றோ வல்லூறோ கூட்டத்தைச் சிதறடித்தால் மிகச் சிறந்த புறாவும் திசைமாறிப் போகும். அதன் பழியைப் பறவை மேல் போடாத வளர்ப்பாளர்களே எனக்குத் தெரிந்தவர்களில் அதிகம். ஆனாலும் கேட்டுவிடுங்கள் என்ற யோசனை சரியானதே.

வேம்புநிழல்:

இருவருக்கும் நன்றி. இருட்டியதும் பிடித்தோம், சண்டையே போடவில்லை. கிண்ணத்தில் அலகை விட்டு நெடுநேரம் உறிஞ்சியது. காலையில் கோதுமையைத் தின்று, கழுத்தடியில் தீனிப்பை உருண்டையாகத் தெரிகிறது. மார்பெலும்பு கத்தியின் விளிம்பைப் போல் துருத்திக்கொண்டிருக்கிறது, மற்றபடி வாயும் தோலும் சுத்தமாக இருக்கின்றன. வளையத்தில் இந்த ஆண்டின் எண். சங்கத்தின் மூலம் உரிமையாளர் கிடைத்துவிட்டார். தெம்பு வந்ததும் விட்டுவிடுங்கள், தானே வந்துவிடும், இங்கே நன்றாகவே பார்த்துக்கொள்வேன் என்கிறார். எப்போது விடுவது?

கூண்டுக்காரர்:

இந்த ஆண்டுக் குஞ்சு என்றால் அனுபவக் குறைவுதான் காரணமாக இருக்கும். வழக்கமாக ஒன்றிரண்டு நாள் ஓய்வு போதும் என்பார்கள். இந்த அளவு மெலிந்த புறாவை நான் அவ்வளவு விரைவில் விடமாட்டேன். மார்பெலும்பின் இருபுறமும் சதை பிடித்து, எச்சம் கெட்டியாகி மேலே வெள்ளை படிந்து, அறைக்குள் தரையிலிருந்து அலமாரி உச்சிக்குத் தடுமாறாமல் ஏறும் வரை காத்திருங்கள். வானம் தெளிந்த ஒரு காலையில், கம்பிகளும் மரங்களும் நெருங்காத திறந்த வெளியில், பெட்டியின் மூடியைத் திறந்துவிட்டுத் தள்ளி நில்லுங்கள். தூக்கி எறிய வேண்டாம். சூரியனின் நிலையைக் கொண்டும், புவிக் காந்தப்புலத்தைக் கொண்டும், வாசனையைக் கொண்டும் அவை திசையறிகின்றன என்பதால் மூடுபனியிலும் மாலையிலும் விடக்கூடாது. மீண்டும் உங்கள் மாடிக்கே திரும்பினால் உரிமையாளரை நேரில் வந்து எடுத்துப்போகச் சொல்லுங்கள்.

வெண்சிறகு:

இதே கேள்வியோடு பிறகு வருபவர்களுக்காக ஒரு வார்த்தை: மேற்கண்டது ஹோமருக்கு மட்டுமே பொருந்தும். முழு வெள்ளைப் புறா, விசிறிவால், காலில் இறகு மண்டியது, கொண்டை வைத்தது போன்றவை கிடைத்தால் எவ்வளவு தேறினாலும் திறந்துவிடாதீர்கள். அலங்கார இனங்களில் பலவற்றுக்கு வீடு திரும்பும் திறனும் கிடையாது, வெளியில் இரை தேடவும் தெரியாது. வெள்ளை நிறமோ வல்லூறின் கண்ணுக்குத் தொலைவிலிருந்தே தெரியும். உரிமையாளர் கிடைக்காவிட்டால் அவற்றுக்கு ஒரு கூண்டும், துணைக்கு இன்னொரு புறாவும் உள்ள வீட்டைத்தான் தேட வேண்டும்.