குரங்குத் தாவலுக்கு வெள்ளை எங்கே பதில் வைக்க வேண்டும்?

கேள்வி – கீழ்வரிசை:
கோ (கறுப்பு, வெள்ளைக் காய்களால் நிலம் பிடிக்கும் ஆட்டம்) பலகையில் இடமிருந்து நெடுவரிசை, கீழிருந்து வரிசை என்று எண்ணினால் 4-2, 4-3-இல் கறுப்பு, 5-3 முதல் 9-3 வரை வெள்ளைச் சுவர். 4-2 இடப்பக்கத்தோடு நன்றாக இணைந்திருக்கிறது. வலப்பக்கம் முழுக்க வெள்ளையின் நிலம். கறுப்பு 4-2-இலிருந்து 7-1-க்குத் தாவுகிறது; இதுதான் குரங்குத் தாவல். 7-2-இல் தடுத்தால் கறுப்பு 8-1-க்கு ஊர்ந்து இன்னும் உள்ளே வந்துவிடுகிறது. சரியான பதில் எது? இந்தத் தாவலின் மதிப்பு எத்தனை புள்ளி?

பதில் – நான்காம்மூச்சு:
7-2 தாவிய காயின் தலையில் வைப்பது. அது ஓடும் திசையை மூடவில்லை. வெள்ளை 6-2-இல் மூலைவிட்டமாக ஒட்ட வேண்டும். அடுத்து 6-1-இல் வெட்டு என்ற மிரட்டல் இருப்பதால் கறுப்பு தானே 6-1-இல் பின்வாங்கும். அப்போது 8-1-இல் மூடுங்கள். அவ்வளவுதான், ஆனால் செந்தே (அடுத்து வேறிடத்தில் முதலில் ஆடும் உரிமை) கறுப்பிடமே இருக்கும்.

பிறகு வெள்ளை 5-2 வைத்தால் கறுப்பு 5-1-இல் இணைத்தாக வேண்டும். அது முடிந்ததும் எண்ணிப் பாருங்கள்: உங்களுக்கு மிஞ்சுவது 7-2, 8-2 என்று 2 புள்ளி (கடைசியில் நீங்கள் 7-2-ஐ நிரப்பினால் கறுப்பும் 4-1-ஐ நிரப்பியாக வேண்டும், அதனால் வித்தியாசம் மாறாது). தாவலுக்கு முன்பே நீங்கள் 5-2-இல் அடைத்து, பின்னால் 4-1, 5-1 வைத்திருந்தால் அதே இடத்தில் 6 புள்ளி. கறுப்புக்கும் 3-1, 4-1 போயிருக்கும். உங்களுக்கு 4, கறுப்புக்கு 2, ஆக வித்தியாசம் 6. மூலையில் கறுப்பு கூடுதலாக ஓர் இணைப்புக் காய் வைக்க நேர்ந்தால் 7. எல்லாரும் சொல்லும் ‘குரங்குக்கு 8’ என்ற கணக்கு, மூலையின் அமைப்பைப் பொறுத்து ஒன்றிரண்டு முன்பின் ஆகும்.

பதில் – சறுக்குமரம்:
மேலே சொன்னது சரி. 6-1-இல் உள்ளே எறியும் (பிடிபடலாம் என்று தெரிந்தே காய் வைக்கும்) முறையையும் பார்த்து வையுங்கள். வெள்ளை 6-1, கறுப்பு 6-2, வெள்ளை 7-2. இப்போது 6-2 காய் அத்தாரியில் இருக்கிறது, அதாவது ஒட்டிய காலி இடம் ஒன்றே மிச்சம், அடுத்த அடியில் பிடிபடும். பெரும்பாலான கறுப்புகள் “இலவசமாக ஒரு காய்” என்று 5-1-இல் எடுப்பார்கள். உடனே வெள்ளை 5-2 அத்தாரி, கறுப்பு 6-1 இணைப்பு, வெள்ளை 8-1, கறுப்பு 4-1. 6-2 ஒட்டலோடு ஒப்பிட்டால் வெள்ளைக்கு நட்டம் ஒரே ஒரு புள்ளி, செந்தே கையில்.

விவரம் தெரிந்த கறுப்பு எடுக்காது, 5-2-இல் இணைக்கும். வெள்ளை 8-1-இல் 7-1 காயைப் பிடிக்கும், கறுப்பு 5-1 அத்தாரி, வெள்ளை 7-1 இணைப்பு. இதன் எண்ணிக்கை 6-2 ஒட்டலோடு சமம், செந்தேயும் கறுப்பிடமே. ஆக எதிராளி தவறுவாரா என்று சோதிக்க 6-1 செலவில்லாத வழி.

(ஜப்பானியில் இதன் பெயர் சாருசுபேரி, குரங்குச் சறுக்கல். பட்டை வழுவழுப்பாக இருக்கும் ஒரு பூமரத்துக்கும் அங்கே அதே பெயர்தான்.)

கேள்வி – கீழ்வரிசை:
6-2, 6-1, 8-1 வந்த பிறகு கறுப்பின் இரண்டு காய்களும் பத்திரமா? வெட்டவே முடியாதா?

பதில் – நான்காம்மூச்சு:
கறுப்பு தூங்கினால் முடியும். அந்த இரண்டு காய்களுக்கு மூச்சு (ஒட்டிய காலி இடம்) 5-1, 7-2 மட்டும். வெள்ளை 7-2 வைத்ததும் அத்தாரி. கறுப்பு 5-1-இல் இணைத்தால் தப்பும். ‘நிலம் மிச்சமாகும்’ என்று 5-2-இல் வைத்தால் வெள்ளை 5-1-இல் இரண்டையும் அள்ளும். அவசர ஆட்டத்தில் இந்தத் தவறு சாதாரணமாக நடக்கும்.

பதில் – சறுக்குமரம்:
நேரம் பற்றி ஒன்று. கறுப்புக்கு இது செந்தே என்பதால் வெள்ளை முந்தி 5-2-இல் அடைப்பது தலைகீழ் செந்தே (எதிராளியின் செந்தேயை முன்கூட்டியே தடுப்பது). அதை 7 புள்ளி கோதேயோடு (ஆடிய பின் முறை எதிராளிக்குப் போகும் ஆட்டம்) ஒப்பிடாதீர்கள். 14 புள்ளி கோதேக்குச் சமமாக எடைபோடுங்கள். இரண்டாம் வரிசையில் எதிராளியின் காயைச் சுற்றி வளைந்து வைத்துப் பிறகு இணைக்கும் 6 புள்ளி கோதே பலகையில் கிடந்தாலும் முதலில் 5-2.