பிளெனிம் ஏரி: பாலத்தின் அறைகளை மூழ்கடித்தது சரியா?

கல்மண்டபம்:
ஆக்ஸ்ஃபோர்டுக்குப் பக்கத்துல இருக்கிற பிளெனிம் அரண்மனைப் பூங்காவுக்குப் போயிட்டு வந்தேன். மனசே ஆறலை. கட்டடக் கலைஞர் ஜான் வான்ப்ரூ வடிச்ச பெரிய பாலத்துக்குள்ள முப்பதுக்கும் மேற்பட்ட அறைகள் இருக்கு. 1760களில் ‘கேபபிலிட்டி’ பிரவுன்ங்கிற தோட்டக் கலைஞர் க்ளைம் ஓடையை மறிச்சு ஏரியாக்கினதுல, கீழ் அறைகள் தண்ணிக்குள்ள போயிடுச்சு. 2018-ல் நீர்மட்டம் இறங்கினப்போ, அந்தக் காலத்துல யாரோ சுவரில் கிறுக்கின எழுத்துகூட அழியாம இருந்துச்சு! ஏரியை நிரந்தரமா இறக்கி, பாலத்தை முழு உயரத்துக்குக் காட்டணும்னு சொல்றேன்.

ஏரிக்கரை:
பிரவுன் வர்றதுக்கு முன்னாடி அந்தப் பாலம் எப்படி நின்னுச்சுன்னு யோசிங்க ஐயா. நடு வளைவு மட்டும் 101 அடி அகலம். அடியில ஓடினது ஒரு வாய்க்கால். யானைப் பசிக்குச் சோளப்பொரி. தண்ணி ஏறின பிறகுதான் பாலத்துக்கு ஒரு நியாயம் கிடைச்சுது. வுட்ஸ்டாக் பக்க வளைவு வாசல்ல நுழைஞ்சதும் அப்படியே நின்னுட்டேன். காத்து அடங்கியிருந்த நேரம். வளைவும் தண்ணியில அதோட நிழலும் சேர்ந்து கிட்டத்தட்ட ஒரு வட்டம். அதை எப்படி இறக்கச் சொல்றீங்க?

கல்மண்டபம்:
அழகை நானும் மறுக்கலை. ஆனா அரண்மனைக்குத் தெற்கே ஹென்றி வைஸ் போட்ட தோட்டம் என்ன ஆச்சு? கோட்டை மாதிரி கொத்தளம் வச்சு மதில் கட்டி, வரிசை பிசகாம செடி நட்ட இடம். பிரவுன் எல்லாத்தையும் எடுத்துட்டு வாசல்வரைக்கும் புல்லை விரிச்சுட்டார். ஒருத்தர் உழைப்பை அழிச்சுத்தான் இன்னொருத்தர் பேர் வாங்கணுமா?

செம்பருத்தி:
அழிப்பு பிரவுன்கிட்ட தொடங்கலைங்க. பாலத்துக்கு அந்தப் பக்கம் பழைய வுட்ஸ்டாக் மாளிகை இடிஞ்சு கிடந்துச்சு. அதைக் காப்பாத்தணும்னு 1709-லேயே மன்றாடினவர் இதே வான்ப்ரூதான். அரண்மனைக்காரி மார்ல்பரோ சீமாட்டி சாரா கேக்கலை, கடைசியில தரைமட்டம். அப்போ எந்த வருஷத்துக்குத் திரும்பணும்? 1920களில் அஷீல் துஷேன்ங்கிற பிரெஞ்சுத் தோட்டக் கலைஞர் மேற்குப் பக்கம் நீர்த்தொட்டிகளோட படித்தளங்கள் அமைச்சார். வைஸ் காலத்து ஒழுங்கு ஓரளவு திரும்பி வந்துச்சு, ஏரிக்கும் ஒண்ணும் ஆகலை. எனக்குப் பிடிச்ச வழி அதுதான்.

ஏரிக்கரை:
சரியாச் சொன்னீங்கம்மா. இன்னொண்ணு, அது சும்மா தேங்கின தண்ணி இல்லை. கரை, கடைசியில கலிங்கு மாதிரி பாறைமேல விழுற அருவின்னு எல்லாமே கணக்குப் போட்டுச் செஞ்சது. மட்டத்தைக் குறைச்சா அருவி நிக்கும், கரையோரமெல்லாம் சேறு தெரியும். 1987-ல் உலகப் பாரம்பரியப் பட்டியல்ல சேர்ந்ததும் இந்த ஏரியோடதான்.

கல்மண்டபம்:
சரி, நிரந்தரமா இறக்கணும்கிறதை விட்டுடறேன். ஆனா பராமரிப்புக்காக இறக்குற ஒவ்வொரு தடவையும் அறை அறையா அளந்து, படம் எடுத்து, பொதுமக்கள் பார்வைக்கு வைக்கணும். இதுல விட்டுக்கொடுக்க மாட்டேன்.

ஏரிக்கரை:
அதுக்கு நானும் கை தூக்கறேன். பிரவுன் செஞ்சது தப்புன்னு மட்டும் ஒத்துக்க மாட்டேன்.